நெளிந்த நிலாவும் என் இடது கண்ணும்

நிலாதான் பழுதாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

அன்று பின்னேரம் நானும் என் மனிசனும் டச் பே கடற்கரையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு இருந்தோம். நிலவு காலத்தில் அவருக்குக் கடல் இல்லை. வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்று எங்கள் பக்கத்துப் படகுகள் அந்த நாட்களில் கரையில் கிடக்கும். மாதத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அவர் எனக்குக் கிடைப்பார், மற்ற நாட்களில் மீனுக்கு.

நிலா கடலுக்குள்ளிருந்து எழும்பியது. என் இடது கண்ணுக்குள் மணல் பறந்து விழுந்திருந்ததால் அதைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். நிலாவின் ஒரு பக்கம், ஆரோ குந்தி எழும்பிய தலையணை மாதிரி, உள்ளே அமுங்கி இருந்தது.

"இஞ்சாருங்கோ, நிலா சப்பிப்போய்க் கிடக்கு."

"நீ ஏறி இருந்திருப்பாய்."

"பகிடிக்குச் சொல்லேல்ல. உண்மையா."

"கலியாணம் கட்டின நாள் தொட்டு நீ எப்ப உண்மையாக் கதைச்சனீ? பேசாமல் கச்சானைத் தின்."

மணலைத் துடைத்து இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நிலா வட்டமாக இருந்தது. சரி, கடற்காற்றில் ஏதோ நெளிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவருக்கு இப்படி ஒரு கண்ணில் மட்டும் ஏதாவது நெளிந்து தெரிந்தால், தயவு செய்து கடற்காற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் சொல்லச் சொல்ல என் மகள் ஜெனி இதை எழுதுகிறாள். படிப்பு எனக்கு அவ்வளவாக இல்லை. வசனங்களைத் திருத்துவது அவள், வாய்க்கொழுப்பு என்னுடையது.

அடுத்த நிலவுக்கு என் மனிசனிடம் நிரூபித்துக் காட்டுவது என்று பிடிவாதம் வந்தது. ஜெனியின் பழைய போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தூக்கி நிலாவைப் படம் எடுத்தேன். படத்தில் வந்தது நிலா இல்லை, கறுத்தப் பானையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கை.

போனால் நிலாவைப் பிடிக்க முயன்றவர்களுக்கு இந்த அவமானம் தெரியும். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாக இருப்பது போனுக்குள் போனதும் ஒரு புள்ளியாகிவிடும். விரலால் பெரிதாக்கினால் வெள்ளை மா உருண்டையாகும். அதில் கறையும் இல்லை, நெளிவும் இல்லை.

துறைமுகத்தில் காவலுக்கு இருந்த என் தமையன் விட்டுப்போன பைனாகுலர் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. அதன் ஒரு குழாயில் வலது கண்ணை வைத்து நிலாவைத் தேடிப்பிடிப்பேன். பிடித்ததும் கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போனை வைப்பேன். கை நடுங்கினால் நிலா ஓடிவிடும். மதிலில் அரிசிப் பை ஒன்றை வைத்து, அதில் பைனாகுலரை அழுத்திப் பார்த்தேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் திரிகிற மான் ஒன்று பையைக் கடித்து இழுத்தது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான படம் அந்த மானின் பின்பக்கம்.

ஜெனி இரண்டு வித்தை சொல்லித் தந்தாள். போன் திரையில் நிலாவின்மேல் விரலை வைத்தால் சின்னச் சூரியன் ஒன்று வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் அடங்கி நிலாவின் கறைகள் தெரியும். நன்றாக இருட்டும்வரை நிற்காமல், வானம் இன்னும் நீலமாக இருக்கிற பின்னேரத்திலேயே எடுக்க வேண்டும். அப்போது நிலா கண்ணைக் குத்தாது.

இவ்வளவும் பழக நிலா சில தரம் வளர்ந்து தேய்ந்தது. ஒவ்வொரு தரமும் குழாய்க்குள் நிலா நெளிந்துதான் தெரிந்தது. இரண்டு கண்ணாலும் வெறுமனே பார்த்தால் வட்டமாகிவிடும். ஆகவே பைனாகுலர் பழுது என்று முடிவு கட்டினேன். செத்துப்போன தமையனை, பழசைத் தலையில் கட்டிவிட்டுப் போனான் என்று திட்டினேன்.

கடைசியில் ஒரு பின்னேரம் நல்ல படம் விழுந்தது. கறைகள், மேடு பள்ளம், விளிம்பு எல்லாம் வெட்டித் தெரிந்தன. குசினிக்குள் ஓடிப்போய் ஜெனியிடம் நீட்டினேன்.

"பார் பிள்ளை. வலது பக்கம் சப்பி இருக்கோ இல்லையோ?"

"இல்லையம்மா. தோசைக்கல்லு மாதிரி வட்டமா இருக்கு."

வெற்றிக்களிப்பில் நான் ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் நீட்டியிருந்தேன். சிமிட்டின கண் இடது. வலது கண்ணுக்குப் படத்தில் நெளிவு இருந்தது. போனைத் தலைகீழாகத் திருப்பினேன். நெளிவு மற்றப் பக்கம் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கவாட்டில் திருப்பினேன். நிலா திரும்பியது, நெளிவு திரும்பவில்லை.

ஜெனி அடுப்பை நிறுத்தினாள். என் இடது கண்ணை அவள் கையால் மூடிவிட்டு, "என்ர முகத்தைப் பாருங்கோ அம்மா, என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"காது ரெண்டும் தெரியுது."

"மூக்கு?"

"மூக்கை எங்க வச்சனீ?"

அவள் சிரிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரி வேறு மாவட்டத்தில், பஸ்ஸில் போகிற தூரம். பெயர் வேண்டாம். கண்ணைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டு, ஒரு மெசினில் நாடியை வைத்து நெற்றியை அழுத்தச் சொல்லி, ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை.

"எவ்வளவு நாளா இப்பிடி, அம்மா?"

"நிலா கொஞ்சத் தரம் வந்து போச்சு, டொக்டர்."

ஜெனி என் முழங்கையைக் கிள்ளிவிட்டு மாதக் கணக்கைச் சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

எனக்கு வந்திருந்தது மக்குலாச் சிதைவு, அதிலும் ஈர வகை. மக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி (முகம், எழுத்து, ஊசிக்காது எல்லாவற்றையும் நேராகப் பார்க்க உதவும் இடம்). ஈர வகை என்றால் அந்த இடத்துக்கு அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவது. கசிவு விழித்திரையைத் தள்ளும்போது நேரானது நெளியும், வட்டம் சப்பும். காலம் போனால் அங்கே தழும்பு விழும். அதன் பிறகு நெளியவும் நடுவில் ஒன்றும் இருக்காது.

"வலது கண்ணில தழும்பு விழுந்திட்டுது. இனி ஊசி போட்டும் பெரிய பலன் வராது," என்றார் டொக்டர். "இடது கண்ணில இப்பத்தான் தொடங்குது. அதைக் காப்பாத்தப் பாப்பம். ஊசியை மட்டும் பிந்தாமல் போடவேணும்."

"எங்க போடுறது?"

"கண்ணுக்குள்ள."

"கண்ணைத் திறந்துகொண்டோ?"

"மூடினா எப்பிடியம்மா போடுறது?"

இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பகிடி விடத் தெரிந்த ஒருவரின் கையில் கண்ணைக் கொடுக்கலாம் போலிருந்தது. ஆனால் வெளியே வந்து மர வாங்கில் குந்தியபோதுதான் கணக்குப் பார்த்தேன். என்னை விட்டுப் போனது வலது கண். அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கடைசி மாதங்களில் அதை ஒரு குழாய்க்குள் வைத்து நிலாவுக்குப் பின்னால் திரிந்திருக்கிறேன். மிச்சம் இருப்பது இடது. என் மனிசனின் வலை கிழிந்தால் அப்போதெல்லாம் நான்தான் பொத்துவேன். முகம் பார்த்துக் கதைக்கிறது, பேரப்பிள்ளைகளில் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கிறது எல்லாம் இனி அந்த ஒன்றால்தான்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். விறைப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மண்ணிறத் தண்ணீரால் கண்ணைக் கழுவுவார்கள், அதுதான் எரியும். இமை மூடாதபடி ஒரு கம்பி வைப்பார்கள். மேலே பார், கீழே பார் என்பார்கள். ஆரோ விரலால் கண்ணை அமத்துகிற மாதிரி இருக்கும், அதோடு முடிந்துவிடும். பிறகு ஒரு நாள் முழுக்கக் கண்ணுக்குள் கறுத்தக் குமிழிகள் மிதக்கும். நோவைவிட, ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் கொடுமை. நான் அந்த நேரம் மிஸ்ஸிடம் (எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய மாமியாரைப் பற்றிக் கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி முடிந்துவிட்டது, மாமியார் முடியவில்லை.

ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு நாலு கிழமை கழித்து அடுத்தது. வீட்டில் பார்ப்பதற்குக் கட்டம் போட்ட தாள் ஒன்று தந்தார்கள். கட்டங்கள் நெளிந்தால் உடனே வரவேண்டும். தாள் இல்லாதவர்கள் யன்னல் கம்பியையோ நிலத்து ஓடுகளின் கோட்டையோ ஒரு கண்ணை மூடிப் பார்க்கலாம். எனக்கு வலை இருந்தது. முதல் ஊசிக்கு முன்னர் வலையின் சதுரங்கள் சில கோணிக் கிடந்தன. மலிவு வலை வாங்கினதாக மனிசனை ஏசியிருந்தேன். இரண்டு ஊசி போட்டபின் அதே வலை நிமிர்ந்துவிட்டது.

"இப்ப என்ன சொல்லுறாய்? வலை நல்லதோ?" என்று கேட்டார்.

"வலை நல்லது. வாங்கினவர்தான் மலிவு."

அந்தக் காலம் எனக்கு ஒரு திருவிழா. இடது கண்ணைக் குழாயில் வைத்து நிலாவைப் பிடிக்கப் பழகினேன். இப்போது அது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு படத்திலும் என் கண் இன்னும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். மூன்றாவது ஊசிக்கு நாள் நெருங்க, நிலாவும் வளர்ந்துகொண்டு வந்தது. பாதி, முக்கால் என்று பின்னேரம்தோறும் எடுத்தேன். போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் எடுத்ததுதான் நான் எடுத்ததிலேயே திறமான படம். விளிம்பில் கொஞ்சம்தான் குறை. ஜெனி அதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள். இறக்கக்கண்டியிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்து, "அக்கா, இது நீ எடுத்ததோ, எங்கயும் களவெடுத்ததோ?" என்று கேட்டாள்.

அன்றிரவு என் மனிசன் வெளியே போகும்போது போடுகிற சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டார். "நிலவு காலம்தானே, வேலையில்லை. நாளைக்கு உன்னோட நானும் வாறன்."

விடிய பஸ் ஏறினோம். பஸ் நிறைய வெள்ளை உடுப்பு உடுத்த சனம், மடியில் பூத்தட்டு. என் மனிசன் எழும்பி ஒரு வயதான அம்மாவுக்கு இடம் கொடுத்தார். நான் அந்தப் பூக்களை வாசம் பிடித்துக்கொண்டு போனேன். ஊசி போடும்போது இந்தத் தரம் மிஸ்ஸிடம் எதைக் கேட்கலாம் என்று யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் கிளினிக் பக்கத்துக் கேற் பூட்டியிருந்தது. காவலாளி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்.

"கண் கிளினிக்குக்கு வந்தனாங்கள்," என்றார் என் மனிசன்.

"இண்டைக்கு இல்ல ஐயா. போயா."

மற்ற நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: போயா என்றால் முழுநிலா நாள், பௌத்தர்கள் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகிற நாள். எங்கள் நாட்டில் அது அரசாங்க விடுமுறை. கந்தோர் (அலுவலகம்) பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு, இறைச்சிக்கடை பூட்டு. கிளினிக்கும் பூட்டு. மிஸ் நாலு கிழமையை எண்ணி, அதே செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருந்தார். ஜெனி அதைப் போனில் குறித்திருந்தாள். என் மனிசன் போயாவை அறிந்துதான் கடலுக்குப் போகாமல் என்னோடு வந்திருந்தார். நான் அந்த நிலா ஒவ்வொரு விரற்கடையாக நிறைவதைப் படம் எடுத்து ஊருக்கே காட்டியிருந்தேன். நாலு பேருக்கும் செவ்வாய் தெரிந்திருந்தது, நிலாவும் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரு தலைக்குள் ஒன்றாக வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நேத்துப் படம் எடுத்தனீதானே?" என்றார் அவர்.

"நீங்கள் நிலவு காலமெண்டுதானே சேட்டுத் தோய்ச்சனீங்கள்?"

கேற்றுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம். காவலாளி எங்களுக்கும் தேத்தண்ணீர் தந்தார். அவசரப் பிரிவில் கேட்டுப் பார்த்தோம். கண் கலங்கியோ நொந்தோ இருந்தால்தான் பார்க்கலாம், ஊசி கிளினிக் நாளில் மட்டும்தான் என்றார்கள். எனக்குக் கண் கலங்கித்தான் இருந்தது, அது அந்தக் கலக்கம் இல்லையாம். மறுநாள் போன் எடுத்துக் கேட்டபோது, அடுத்த செவ்வாய்க்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள் என்றார்கள். பிறகு வந்த செவ்வாயும் நிறைந்துவிட்டது. இன்னும் தள்ளி ஒரு நாள் தந்தார்கள்.

காத்திருந்த அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் சுவாமியாருக்குத் தலை இல்லை. அங்கி இருந்தது, கை இருந்தது, கழுத்துக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு புகை. வலது கண்ணாக்கும் என்று அதைப் பொத்தினேன். புகை போகவில்லை. அது இடது கண்ணிலிருந்துதான். முகமில்லாத ஒருவரிடம் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து இருந்தேன். பக்கத்தில் இருந்த ஜெனியிடம் பூசை முடியும்வரை சொல்லவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தாள், பாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது இரத்தக் கசிவு (அந்தக் குழாய்கள் உடைந்து விழித்திரைக்கு அடியில் இரத்தம் தேங்குவது). இந்தத் தரம் உடனே பார்த்தார்கள், உடனே ஊசி போட்டார்கள். பிறகும் பல ஊசிகள். இரத்தம் மெல்ல மெல்ல வற்றியது. வற்றின இடத்தில் சின்னத் தழும்பு மிஞ்சியது. சின்னதுதான், ஆனால் அது மிஞ்சின இடம் நட்ட நடு.

நான் டொக்டரிடம் ஒரு கேள்வியைப் பல நாளாக வைத்திருந்தேன்.

"அண்டைக்கு ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதுதானே?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது, அம்மா. பிந்தினது நல்லமில்லைத்தான். ஆனா ஒழுங்கா ஊசி போடுற ஆக்களுக்கும் சிலவேளை இப்பிடி வாறது."

ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மிஸ் செய்தது, அல்லது நான் செய்தது, அல்லது அந்த நாசமாய்ப்போன நிலா செய்தது என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்து ஏசிக்கொண்டாவது இருந்திருப்பேன். இப்போது ஏசுவதற்கும் ஆள் நிச்சயம் இல்லை. சனம், "கடவுள் ஒரு கண்ணையாவது கொஞ்சம் மிச்சம் விட்டாரே" என்கிறது. கடவுளின் கணக்கை அவர்களே வைத்திருக்கட்டும். எனக்குக் கசக்கிறது. கசப்பு வந்தால் அதை விழுங்கத் தேவையில்லை என்று இந்தக் கண் வருத்தக்காரர் எல்லாருக்கும் சொல்லுவேன். சீனி போட்டுத் தருகிறவர்களிடம் இருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள்.

ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு தரமும் அடுத்த நாளைச் சொல்லும்போது, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்கிறேன்: "மிஸ், அண்டைக்குப் போயாவோ?"

முதல் தரம் கேட்டபோது மிஸ் எரிச்சலோடு கலண்டரைப் புரட்டினார். பிறகு ஒரு நாளை விரலால் தட்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு மூதூர்க்காரரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கட நாளையும் ஒருக்காத் தாங்கோ, மாத்தவேணும்" என்றார். அந்த மனிசன் என்னைப் பார்த்துச் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. குரலில் சிரிப்பு இருந்தது.

இப்போது கண்ணின் நிலை மாறாமல் இருக்கிறதாம். நல்லாவும் வராது, கெட்டும் போகவில்லை. 'மாறாமல்' என்கிற அந்தச் சொல்லுக்குள் வாழப் பழகுகிறேன். ஒருவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய காதைப் பார்க்க வேண்டும். முகம் அப்போது ஓரத்தில் வந்து நிற்கும். என் மனிசனின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு கதைக்கிறேன். தனக்குப் பின்னால் ஆரோ நிற்பதாக நினைத்து அவர் இன்னும் திரும்பிப் பார்க்கிறார். வலை பொத்துவதை விட்டுவிட்டேன். கை தானாகப் போகும், ஆனால் பொத்தின இடம் சரியோ என்று அவரிடம் கேட்க வேண்டும். நாப்பது வருசம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த வேலையை அவரிடம் கேட்க எனக்கு ஏலாது.

காலமும் முந்தி மாதிரி இல்லை. முந்தி கிழமையும் மாதமும் வருசமும் இருந்தன. இப்போது ஊசி போட்ட பக்கம் ஒன்று, அடுத்த ஊசிக்குப் போகிற பக்கம் ஒன்று. முதல் பக்கத்தில் நான் ஒரு ஆள். மற்றப் பக்கத்தில், காலையில் கண்ணைத் திறக்கும்போதெல்லாம், எது குறைந்திருக்கிறது என்று வீட்டைச் சுற்றி எண்ணிப் பார்க்கிற காவல்காரி.

நிலாவை இன்னும் எடுக்கிறேன். போன கிழமை பின்னேரம் எடுத்ததை ஜெனியிடம் காட்டினேன்.

"வடிவா வந்திருக்கு அம்மா. ஆனா மூலைக்குள்ள போய் நிக்குது. முந்தி நடுவிலதானே எடுப்பீங்கள்? நான் வெட்டி நடுவில கொண்டுவரட்டோ?"

"வெட்டாத பிள்ளை."

"ஏன்?"

"நடுவில பாத்தா எனக்கு அங்க ஒண்டும் இல்லை. மூலையிலதான் நிலா நிக்குது. நிண்ட இடத்திலதான் எடுத்தனான்."

அவள் போனைத் திருப்பித் தந்தாள். பிறகு, எனக்கு நேர் முன்னால் இருந்தவள் எழும்பி, தன் கதிரையை இழுத்து என் பக்கவாட்டில் போட்டு இருந்தாள். அப்போது எனக்கு அவளுடைய மூக்குத் தெரிந்தது.